அனுமதி மறுக்கும் உத்தரவு

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே, சுவர்ணமுகி ஆற்றையடுத்து அமைந்திருக்கிறது நாயுடுபேட்டை. காளத்தி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் சாலை இங்கேதான் பிரிகிறது. லாரிகள் நிற்குமிடம், ரயில் நிற்குமிடம், யாத்திரிகர்கள் வண்டி மாறுமிடம் என்று பலவாறாக இவ்வூருக்குப் பயனுண்டு. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் அமையும் வரை இது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து ஊர். 2022 ஏப்ரலில் புதிதாக அமைக்கப்பட்ட திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. எல்லைகள் மாறினாலும் சாலை மாறவில்லை. ஆகையால் சாலையை நம்பிப் பிழைக்கும் தமிழர்களும் இத்தகைய ஊர்களில் இருந்துகொண்டேயிருக்கின்றனர்.

அவர்களுள் ஒருவர் பேருந்து நிலையத்தருகே சிறிய உணவு விடுதி நடத்துவதாக எண்ணிக் கொள்வோம். நான்கு பேருக்கு அவர் சம்பளம் கொடுக்கிறார். ஒரு நாள் காலை அவர் கையில் ஒரு தாள் கொடுக்கப்படுகிறது. தெலுங்கில் நான்கே வரிகள். உணவு உரிமம் ரத்து செய்யப்படுகிறது என்பது அதன் பொருள். அண்டை வீட்டுப் பையன் படித்துச் சொல்கிறான். அன்றே அடுப்பு அணைகிறது. பாலும் மாவும் வீணாகின்றன. மறுநாள் வேலையாட்களுக்கு என்ன சொல்வது என்ற கவலை பிறக்கிறது. இந்நிலையில் அவர் முதலில் செய்யத் தோன்றுவது, ‘தெரிந்தவர்’ ஒருவரைத் தேடிப் போவது. அப்படித் தேடுவதிலேயே பத்து நாட்கள் கழிந்துவிடுகின்றன. அந்தப் பத்து நாட்களின் விலை என்ன என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

மத்திய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தகைய தாள்கள் பழக்கமானவை. ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘இயலாதென முடிவு செய்யப்பட்டது’, ‘தெரிவிக்கப்படலாகிறது’ என்று ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு நாள்தோறும் பெயர்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த வாக்கியங்களில் வினை உண்டு, செய்பவர் இல்லை. பரிசீலித்தது யார், முடிவு செய்தது யார், எதற்காக என்பவை வாக்கியத்துக்கு வெளியே நிற்கின்றன. இஃது அலுவலக நடையின் அழகின்மை என்றே பலர் கருதுகின்றனர். ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் இதன்மேல் வழக்குகளே நடந்திருக்கின்றன. எழுவாய் எது என்ற கேள்வியால் உத்தரவுகள் விழுந்திருக்கின்றன. அவற்றை அறிந்தவருக்குக் கையிலுள்ள தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பது தெரியும்.

1945ஆம் ஆண்டில், பம்பாயையடுத்த அந்தேரியில், கோர்தன்தாஸ் பான்ஜி என்பவர் சினிமாக் கொட்டகை ஒன்று கட்ட அனுமதி கேட்டார். அக்காலத்து விதிப்படி அனுமதி கொடுக்கவும் ரத்து செய்யவும் உரியவர் போலீஸ் கமிஷனர். கமிஷனர் முதலில் மறுத்தார். பின்னர் ஆலோசனைக் குழுவொன்றின் கருத்தைக் கேட்டு அனுமதித்தார். எதிர்ப்புக் கிளம்பியது. சில மாதங்களுக்குள், அந்த அனுமதி ரத்து செய்யப்படுகிறது என்பதைத் தெரிவிக்குமாறு அரசாங்கத்தால் தாம் பணிக்கப்பட்டிருப்பதாகக் கமிஷனர் கடிதம் எழுதினார். ‘பணிக்கப்பட்டுள்ளேன்’ என்னும் இச்சொல்லை அறியாத அலுவலகம் உண்டா? வணக்கத்துக்குச் சமமாக எழுதப்படும் சொல் அது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1951இல் நீதிபதி விவியன் போஸ் எழுதிய தீர்ப்பு அந்தச் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டது. ரத்து செய்தது யார்? கடிதத்தின்படி அரசாங்கம். ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு? விதியின்படி கமிஷனருக்கு. கமிஷனர் தாமே சிந்தித்து முடிவு செய்யவில்லை; பிறர் செய்த முடிவைத் தபால்காரரைப் போலக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆகவே ரத்து செல்லாது. ‘உண்மையில் நானேதான் யோசித்து ரத்து செய்தேன்’ என்று பின்னர்ப் பிரமாண வாக்குமூலத்தில் சொன்னதும் ஏற்கப்படவில்லை. பகிரங்கமாகப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவை அதிலுள்ள சொற்களைக்கொண்டே பொருள் கொள்ள வேண்டும். அதிகாரி பின்னால் தரும் விளக்கத்தைக்கொண்டு அன்று என்பது தீர்ப்பின் சாரம். பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர், 1977 டிசம்பரில் மொகிந்தர் சிங் கில் வழக்கில் இதே கொள்கையை எடுத்தாண்டார். உத்தரவில் சொல்லாத காரணத்தை நீதிமன்றத்துக்கு வந்த பிறகு புதிதாகச் சேர்த்து உத்தரவைக் காப்பாற்ற முடியாது என்பது அதனால் உறுதிப்பட்டது.

நம் விடுதிக்காரர் இதிலிருந்து பெறக்கூடியது யாது? தாளைக் கையில் வாங்கியவுடன் நான்கு செய்திகளைத் தேட வேண்டும். கையெழுத்திட்டவர் யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைச் சுட்டியிருக்கிறார், என்ன காரணம் எழுதியிருக்கிறார், அதற்கு முன் நம்மைக் கேட்டாரா. காரணம் எழுதப்படவில்லையெனில் அது குறையே என்று வருந்த வேண்டியதில்லை. வாதத்துக்கு அதுவே முதற்பொருளாகலாம். ஆனால் அந்தத் தாளை அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். அலுவலகத்தார், ‘அதைத் திருப்பிக் கொடுங்கள், திருத்தித் தருகிறோம்’ என்று கேட்டால் நகலெடுக்காமல் கொடுக்கலாகாது.

கேட்டாரா என்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆந்திர மண்ணிலேயே அதற்கு ஒரு பெரிய வழக்கு நடந்தது.

1956இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திப் பேருந்துத் தடங்களை அரசுடைமையாக்க வழி செய்தனர். 1958 ஜனவரியில் ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. கிருஷ்ணா மாவட்டத்தில் பேருந்து நடத்தி வந்தவர்கள் தம் பெர்மிட்டுகளை இழக்கும் நிலை வந்தது. அவர்கள் ஆட்சேபங்களை எழுதிக் கொடுத்தனர். சட்டப்படி விசாரணையும் நடந்தது. விசாரித்தவர் போக்குவரத்துத் துறையின் செயலாளர். முடிவு செய்து உத்தரவிட்டவரோ முதலமைச்சர். குல்லப்பள்ளி நாகேசுவர ராவ் முதலியோர் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றனர். 1958 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மையோரின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோகா சுப்பா ராவ். ஆந்திர உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், பின்னர் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர். ஒருவர் கேட்டு மற்றொருவர் தீர்த்தால் நேரில் கேட்டலென்பது வெறும் சடங்காகிவிடும் என்றார் அவர். எதிரே நிற்பவரின் முகத்தையும் பேச்சையும் கண்டு ஐயங்களைக் கேட்டுத் தெளிவதற்காகவே நேரில் கேட்டல் ஏற்பட்டிருக்கிறது. கோப்பைப் படிப்பவர் அதைச் செய்ய இயலாது. மேலும், வழக்கில் ஒரு தரப்பான துறையின் தலைமையிலிருப்பவரே விசாரணையாளராக அமர்வதும் நியாயத்துக்குப் பொருந்தாது. உத்தரவு நீக்கப்பட்டது.

இங்கேயே நிறுத்திவிட்டால் கதை இனிமையாக முடியும். ஆனால் உண்மை முழுதும் சொன்னதாகாது. அடுத்த முறை முதலமைச்சர் தாமே ஆட்சேபங்களைக் கேட்டார். கேட்டுத் திட்டத்தை மீண்டும் ஏற்றார். பேருந்துக்காரர்கள் மறுபடியும் உச்ச நீதிமன்றம் சென்று, அமைச்சரும் ஒரு சார்புடையவரே என்று வாதித்தனர். 1959இல் அவ்வாதம் தோற்றது. முதல் வழக்கில் அவர்கள் பெற்றது தடமன்று, முறையான விசாரணை. அதனால் பயனென்ன என்று கேட்பாருண்டு. பயன் இல்லையென்று நாம் கருதவில்லை. கேட்கப்படாமல் இழப்பதற்கும் கேட்கப்பட்டு இழப்பதற்கும் இடையே வேற்றுமை உண்டு. தொழிலை வேறு வழியில் திருப்பிக்கொள்ளக் கால அவகாசம் கிடைப்பதும் சிறிய விஷயமன்று. எனினும் வழக்குத் தொடங்குமுன் இதனை உணர்ந்திருத்தல் நலம்.

தஞ்சை மாவட்டத்து வழக்கொன்றும் இதையே வேறு முகமாகக் காட்டுகிறது. ஐந்து பேருந்துகளின் பெர்மிட்டு தொடர்பாக வீரப்ப பிள்ளை என்பவருக்கும் ராமன் அண்டு ராமன் கம்பெனிக்கும் நீண்ட போராட்டம் நடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் கம்பெனிக்கே பெர்மிட்டு கொடுக்கும்படி போக்குவரத்து அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டது. 1952இல் உச்ச நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கியது. ரிட் மனுவை விசாரிக்கும் உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் போல அதிகாரியின் நாற்காலியில் தானே அமர்ந்து பெர்மிட்டு வழங்குவதற்கில்லை என்றது. ஆகையால் மனுவில், ‘எனக்கு உரிமம் கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்பவர் பெரும்பாலும் ஏமாறுவார். ‘இந்த உத்தரவை நீக்கி, என்னைக் கேட்டு, காரணம் எழுதி, இத்தனை வாரத்துக்குள் புதிதாக முடிவு செய்யச் சொல்லுங்கள், அதுவரை இவ்வுத்தரவை நிறுத்தி வையுங்கள்’ என்று கேட்பவருக்கே வழி அகலமாக இருக்கிறது. கடைசிப் பகுதியை மறத்தலாகாது. மேல்முறையீடு செய்தமையாலேயே உத்தரவு தானாக நின்றுவிடும் என்று எண்ணிக் கடையைத் திறந்து, புதிய குற்றச்சாட்டில் சிக்கிக்கொள்வோர் உண்டு. இடைக்காலத் தடையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

இப்போது விடுதிக்காரரின் பத்து நாட்களுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு படிப்படியாகச் செல்கிறது. முதலில், குறைகள் இன்னவை, அவற்றைத் திருத்த இன்னது செய்ய வேண்டும் என்று காரணங்களுடன் நோட்டீஸ் தர வேண்டும். திருத்துவதற்குப் பதினான்கு நாட்களுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும். திருத்தாவிடில் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். அதன் பின்னும் திருத்தாவிடில், விளக்கம் கேட்டபிறகே ரத்து செய்யலாம். பொதுமக்கள் உடல்நலத்துக்குத் தீங்கு நேருமென்றால் காரணத்தை எழுதிவைத்து உடனே நிறுத்திவைக்க அதிகாரமுண்டு, அது நியாயமானதே. கெட்டுப்போன எண்ணெயில் பலகாரம் சுடுபவருக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் நோட்டீஸே இல்லாமல் ரத்து வந்திருந்தால், படிகளைத் தாண்டிக் குதித்த உத்தரவு அது. அதை எதிர்த்து உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் மேல்முறையீடு செய்யச் சட்டம் தரும் காலம் பதினைந்து நாட்கள். தெரிந்தவரைத் தேடியதில் பத்துப் போயின, மிச்சம் ஐந்து.

வேறு தொழிலினருக்கு வேறு சட்டங்கள். சுருக்கமாகச் சொல்லிச் செல்வோம். லாரி, பேருந்து, வாடகை வண்டி ஆகியவற்றின் பெர்மிட்டுக்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பேருந்துப் பெர்மிட்டைச் சாதாரணமாக மறுக்கலாகாது என்கிறது 80ஆம் பிரிவு. எவ்வகைப் பெர்மிட்டாயினும் மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்து, நேரிலும் கேட்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். உள்ள பெர்மிட்டை ரத்து செய்யுமுன் விளக்கம் கேட்க வேண்டும் என்பது 86ஆம் பிரிவு. அப்பீல் 89ஆம் பிரிவின்படி மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. சரக்கு-சேவை வரிப் பதிவை ரத்து செய்யும் நோட்டீஸுக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதிகாரி தாமாகவே ரத்து செய்துவிட்டால், பதிவை மீட்க விண்ணப்பிப்பதற்குத் தொண்ணூறு நாட்கள். இந்த நோட்டீஸ் பெரும்பாலும் கையில் வருவதில்லை, கணினியில் வந்து கிடக்கிறது. கணக்கரிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு மறந்திருப்போர் கவனிக்கவும். தள்ளுவண்டிக்காரருக்கும் நடைபாதைக் கடைக்காரருக்கும் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. சான்றிதழை ரத்து செய்யுமுன் அவரைக் கேட்க வேண்டும். அப்பீல் உள்ளாட்சி மன்றத்துக்கே செல்கிறது என்பது அச்சட்டத்தின் பலவீனம் என்று நமக்குத் தோன்றுகிறது.

காரணமே சொல்லாமல் மறுப்பு வந்தால், அதைக் கேட்டுப் பெறவும் வழியுண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நிர்வாக முடிவுகளின் காரணங்களைப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிப்பதை அலுவலகத்தின் கடமையாகவே 4ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கோப்பின் குறிப்புகளை நகலாகக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஆனால் பதினைந்து நாள் அப்பீலுக்கு முப்பது நாள் பதிலைக் காத்திருக்கலாகாது. அப்பீலை முதலில் கொடுத்துவிட்டுக் காரணங்களைப் பின்னர்த் தேடலாம்.

இனி, மொழி. வெளி மாநிலத்திலுள்ள நம்மவர் பலர், ‘தெலுங்கு எழுதத் தெரியாதே’ என்ற ஒன்றினாலேயே வாய்மூடிப் போகின்றனர். அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு, குறை நீங்க வேண்டி மத்திய அரசின் அதிகாரிக்கோ மாநில அரசின் அதிகாரிக்கோ எழுதும் மனுவை, ஒன்றியத்தில் அல்லது அம்மாநிலத்தில் வழங்கும் மொழிகளுள் எதிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தந்திருக்கிறது. 1960 ஏப்ரல் முதல் தேதி எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, எல்லையின் இருபுறமும் தமிழரும் தெலுங்கரும் கலந்தே நின்றனர். இப்பகுதியில் தமிழ் வழங்கும் மொழியன்று என்று யாரும் சொல்வதற்கில்லை. தமிழில் எழுதியது என்ற காரணத்தால் மட்டும் மனுவைத் தள்ளுவது 350ஆம் பிரிவுக்கு ஒவ்வாது. ஆயினும் பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று அப்பிரிவு சொல்லவில்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆந்திரப் பிரதேசத்தின் ஆட்சிமொழி தெலுங்கு. ஆகையால் உரிமையை விட்டுக்கொடுக்காமலும், உரிமையை மட்டும் நம்பியிராமலும், தமிழ் மனுவுடன் அதன் தெலுங்கு அல்லது ஆங்கில வடிவத்தையும் இணைத்தல் உத்தமம். பெயர்க்கும்போது, உணர்ச்சியைக் குறைத்துத் தேதிகளைக் கூட்டுங்கள். ‘என் வயிற்றில் அடித்தார்கள்’ என்பதை அதிகாரி படித்துவிட்டு மறந்துவிடுவார். ‘இன்ன தேதிக்கு முன் எனக்கு எந்த நோட்டீஸும் வரவில்லை’ என்பதற்கு அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

எந்த நீதிமன்றம் என்பதும் இவ்வூராருக்கு எளிய கேள்வியன்று. 1954 ஜூலைக்கு முன் நாயுடுபேட்டைக்காரரின் உயர் நீதிமன்றம் சென்னை. அதன் பின் குண்டூர். 1956 நவம்பரிலிருந்து ஐதராபாத்து. 2019 ஜனவரி முதல் அமராவதி. சென்னை சில மணி நேரப் பயணம். அமராவதி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அருகிலிருக்கிறது, வக்கீல் தமிழ் பேசுகிறார் என்பதற்காகச் சென்னையில் ரிட் மனுப் போட எண்ணலாகாது. உத்தரவிட்ட அதிகாரி இருக்கும் இடம் அல்லது வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சி எழுந்த இடம் எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் செல்ல வேண்டும். இரண்டும் நாயுடுபேட்டையானால் சென்னைக்கு அதிகாரமில்லை. அங்கே போன பணமும் நாளும் திரும்பா. சட்டத்தில் அப்பீல் வழி இருக்கும்போது நேரே உயர் நீதிமன்றம் செல்வோரை, முதலில் அப்பீலுக்குப் போ என்று திருப்பியனுப்புவது வழக்கம். கேட்காமலே முடிவு செய்தது, அதிகாரமே இல்லாதவர் முடிவு செய்தது போன்ற குறைகளுக்கு அதில் விலக்குண்டு. 1998இல் வேர்ல்பூல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விலக்கு இருக்கிறதென்று நம்பி அப்பீல் காலத்தை ஓடவிடுவதைக் காட்டிலும், வக்கீலிடம் கேட்டுக்கொண்டு நாட்களுக்குள் அப்பீலைக் கொடுப்பதே பத்திரம்.

வக்கீலுக்குப் பணமில்லாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், தொழிலாளர், குறைந்த வருமானமுடையோர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். பெண் பெயரில் உரிமம் இருந்தால் வருமானமும் கேட்கப்படுவதில்லை. வட்டார நீதிமன்ற வளாகத்திலேயே இதற்கான குழுவை விசாரித்து அறியலாம். போகும்போது உத்தரவின் நகல், உரிமத்தின் நகல், கட்டணம் கட்டிய ரசீதுகள் ஆகியவற்றோடு உத்தரவு கைக்கு வந்த நாளைக் காட்டும் தபால் உறையையும் எடுத்துச் செல்லுங்கள். காலக் கணக்கு உத்தரவில் அச்சிட்ட தேதியிலிருந்தா, அது கைக்குக் கிடைத்த தேதியிலிருந்தா என்ற தகராறு வரும்போது, அந்த உறையின் மேலுள்ள முத்திரைதான் சாட்சி.